கேட்காதவருக்கும் கூலி உண்டு

ஒருவர் தமக்குரியதைக் கேட்கவில்லை என்பதால், அதைக் கொடுக்க வேண்டியவரின் கடமை நீங்கிவிடுமா? ஜமைக்கா நாட்டின் டான்ஸ்ஹால் பாடகி சிஸ்டர் நான்சியின் வாழ்க்கையைப் படித்தபோது எழுந்த கேள்வி இது. இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் அறிவோம். அவ்விவாதத்திற்குள் நான் செல்லவில்லை. இங்கே பேச்சு கூலியைப் பற்றியது.

ஓஃப்லின் ரசல் என்பது அவருடைய இயற்பெயர். 1962இல் கிங்ஸ்டன் நகரில் கிறித்தவப் போதகர் ஒருவரின் 15 பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். பெரும் ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்துத் திறந்த வெளிகளில் நடத்தப்பட்ட நடன இரவுகளில் வளர்ந்ததே டான்ஸ்ஹால் இசை. முன்பே பதிவான தாளம் ஓடிக்கொண்டிருக்க, ஒலிவாங்கியைப் பிடித்தவர் அந்நேரத்தில் தோன்றும் சொற்களை அதன்மேல் அடுக்கிச் செல்வார். அது ஆண்களின் களம். அண்ணன் பிரிகேடியர் ஜெர்ரியைப் பின்பற்றிப் பதின்ம வயதிலேயே அங்கு நுழைந்த நான்சி, அக்களத்தில் பெயர் பெற்ற முதல் பெண்களுள் ஒருவரானார்.

1982இல் தயாரிப்பாளர் வின்ஸ்டன் ரைலிக்காக 'ஒன் டூ' என்னும் இசைத்தொகுப்பைப் பாடினார். தொகுப்பை நிறைவு செய்ய ஒரு பாடல் குறைந்தது. எழுதி வைத்தது எதுவுமின்றி ஒலிப்பதிவுக் கூடத்திலேயே அவர் பாடிக் கொடுத்ததுதான் 'பாம் பாம்'. தாளம் 1970களில் உருவான 'ஸ்டாலாக்'. பல்லவியோ டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ் குழுவினரின் 1966ஆம் ஆண்டுப் பாடலிலிருந்து வந்தது. ஆகவே அப்பாடலில் பலருக்கும் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் பங்காளிகள் பலராகும்போது கணக்குத் தெளிவாக இருக்க வேண்டுமல்லவா? கணக்கு மங்கினால் அதன் பயன், பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கே போய்ச் சேரும்.

ஜமைக்காவில் அப்பாடல் அன்று பெரிதாகப் பேசப்படவில்லை. நான்சி 1996இல் அமெரிக்காவின் நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்து, வங்கி ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். 1998இல் 'பெல்லி' என்னும் திரைப்படத்தில் அதே பாடல் ஒலித்தது. தம் குரல் கடல்கடந்து புகழ்பெற்றிருப்பதை அப்போதுதான் அறிந்ததாக அவர் கூறியிருக்கிறார். பகலெல்லாம் பிறர் பணத்தை எண்ணிக் கணக்கெழுதிய அவருக்கு, தம் பாடலின் கணக்கு மட்டும் வந்து சேரவில்லை. 2014இல் காலணி விளம்பரம் ஒன்றில் அப்பாடலைக் கேட்ட பிறகே வழக்கறிஞரின் துணையை நாடினார். தொகுப்பின் உரிமையில் பாதியும், கடந்த பத்தாண்டுகளுக்குரிய தொகையும் கிடைத்தன.

இதை மகிழ்ச்சியான முடிவு என்று எழுதுவோர் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 32 ஆண்டுகளில் பத்துக்கு மட்டுமே தீர்வு கிடைத்தது. எஞ்சிய 22 ஆண்டுகள் அவருடைய இளமையும் நடுவயதும் அல்லவா? பழைய கணக்குகளுக்கு எல்லை வகுப்பது உலக வழக்காக இருக்கலாம். உழைத்தவரின் ஹக் அவ்வெல்லையோடு முடிந்துவிடுவதில்லை. "அவர் முன்பே கேட்டிருக்கலாமே" என்பாரும் உளர். தம் பாடல் எங்கெங்கு விற்கிறது என்பதையே அறியாத ஒருவர் எதைக் கேட்பார்?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சொல்லும் அவ்வசனம், எழுதுவதற்கான வாசகத்தைச் சொல்லும் பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கிறது என்பதைக் கவனியுங்கள்: கொடுக்க வேண்டியவரிடம். வாங்க வேண்டியவர் வாய் திறக்கும் வரை காத்திருக்க அங்கே இடமில்லை. பாடலுக்கும் தையலுக்கும் சமையலுக்கும் இதில் என்ன வேறுபாடு?

2017இல் ஜே-ஸீ தம் 'பாம்' பாடலில் நான்சியின் குரலைச் சேர்த்துக்கொண்டார். ஜமைக்காவில் எடுக்கப்பட்ட அதன் காணொளியில் அவரும் தோன்றினார். வங்கிப் பணியை விட்டு, ஐம்பது வயதைக் கடந்த நிலையில் மீண்டும் மேடைகளுக்குத் திரும்பினார்.