டிக் மார்க்குக்கு என்ன ஆதாரம்?

அண்ணா யுனிவர்சிட்டி சிலபஸில் சிஎஸ்ஈ படிச்ச நம்மில் பலரால் பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டத்தை மறக்க முடியாது. ஓஓஏடி லேப்ல முதல் எக்சர்சைஸ். யூஸ்கேஸ், கிளாஸ், சீக்வென்ஸ்னு வரிசையா படம் வரைஞ்சு, பிரின்ட் எடுத்து, ரெக்கார்டுல ஒட்டி, கையெழுத்து வாங்கி முடிச்சோம். அப்புறம் கோட் எழுதும்போது அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தவங்க எத்தனை பேர்? நான் பார்க்கல.

அது வெறும் படமா இல்லாம கம்ப்யூட்டர் படிக்கிற மாடலா இருந்தா கதை வேற. ஒவ்வொரு கிளாஸும் ஒரு டேபிள் ஆகணும், ஒவ்வொரு ஆட்ரிபியூட்டும் அதில் ஒரு ஃபீல்டு ஆகணும்னு விதி எழுதிக் கொடுத்தா, ஒரு மாடல்ல இருந்து இன்னொரு மாடலைக் கருவியே உருவாக்கிடும். இதுக்குப் பேர்தான் மாடல் டிரான்ஸ்ஃபர்மேஷன். இதுக்குன்னே தனி மொழிகளும் கருவிகளும் இருக்கு. எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், அதில் மூணை ஒப்பிடுறது: பிரான்ஸின் நான்ட் நகரில் பிறந்த ஏடிஎல், இங்கிலாந்தின் யார்க் யுனிவர்சிட்டியில் இருந்து வந்த எப்சிலான் குடும்பத்து ஈடிஎல், அப்புறம் எக்லிப்ஸில் கிடைக்கிற க்யூவிடி ஆபரேஷனல்.

முதல் ரிவ்யூவில் பேனல் கேட்ட முதல் கேள்வி: "கம்பேரிசன் டேபிள் எங்கப்பா? பத்து பாராமீட்டராவது வேணும்." அன்னிக்கு ராத்திரியே மந்தைவெளியில நண்பன் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் டேபிள் ரெடி. மூணு வெப்சைட், நாலு பேப்பர், நிறைய பச்சை டிக். அடுத்த ரிவ்யூவில் நல்ல பேர். ஆனா அந்த டேபிள் போட்ட நேரத்தில் மூணு கருவியில் ரெண்டை நாங்க இன்ஸ்டால்கூடப் பண்ணல.

இதை எழுதக் காரணம் குற்ற உணர்ச்சி மட்டும் இல்ல. நம்ம டிபார்ட்மென்டில் ஒவ்வொரு வருஷமும் பல ப்ராஜெக்ட் "எ கம்பேரட்டிவ் ஸ்டடி ஆஃப்"னு ஆரம்பிக்குது, பலதும் இப்படித்தான் முடியுது. ஓடவிடாம போட்ட டிக் மார்க் ஒப்பீடு இல்ல, காப்பி. அதுக்கு மார்க் போடுறதை நிறுத்தணும்னு நான் சொல்றேன்.

டேபிளே தப்புன்னு சொல்ல வரல. இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுற சார்னெக்கி, ஹெல்சன் இருவரின் கட்டுரை (2003-ல் முதல் வடிவம், 2006-ல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் விரிவா) அம்சங்களை வகைப்படுத்துற வேலைதான். ஆனா அவங்க யாருக்கும் ரேங்க் போடல. கருவிகள் எந்தெந்த விதத்தில் வேறுபடலாம்னு ஒரு வரைபடம் கொடுத்தாங்க. நாம அந்த வரைபடத்தை எடுத்து ரேங்க் லிஸ்ட் ஆக்கிட்டோம்.

அம்மாவோட தி.நகர் உஸ்மான் ரோடு கடைக்கு வெட் கிரைண்டர் வாங்கப் போனப்ப, சேல்ஸ்மேன் அண்ணன் வாட்ஸ், லிட்டர், வாரன்ட்டின்னு அட்டையைக் காட்டினார். அம்மா கேட்டது ஒண்ணுதான்: "கல்லைத் தூக்கிக் கழுவ நான் ஒருத்தியே போதுமா?" அது அட்டையில் இல்ல. தூக்கிப் பார்த்துதான் வாங்கினாங்க.

நாங்களும் கடைசியில் தூக்கிப் பார்த்தோம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து ஒரு சின்ன கேஸ் எழுதினோம். பெரம்பூர்ல இருந்து பெசன்ட் நகர் போற 29சி பஸ்ஸை எடுத்துக்கிட்டோம். ரூட், ஸ்டாப், டிரிப் உள்ள ஒரு மாடல்ல இருந்து டேபிள் மாடல் உருவாகணும். லஸ்ல 29சி மட்டுமா நிக்குது? ஒரே ஸ்டாப் பல ரூட்ல வரும், ஆனா டேபிளில் ஒரே ஒரு வரியாதான் வரணும். ஜாவாவில் எழுதினா "இந்த ஸ்டாப்பை ஏற்கனவே உருவாக்கிட்டோமா"ன்னு பார்க்க ஒரு மேப் வெச்சு நாமளே கணக்கு வைக்கணும். இந்தக் கருவிகள் அந்தக் கணக்கைத் தானே வெச்சுக்கும். ஏடிஎல்லில் ஸ்டாப்புக்கு ஒரு ரூல் எழுதிட்டா போதும், ரூட்ல இருந்து அந்த ஸ்டாப்பைச் சுட்டினா ஏற்கனவே உருவான வரியைத் தானே கண்டுபிடிச்சுக் கொடுக்கும். ஈடிஎல்லில் அதுக்கு ஈக்விவலன்ட்னு ஒரு ஆபரேஷன். க்யூவிடி ஆபரேஷனலில் மேப்பிங்கை நாமளே கூப்பிடணும். அதே ஸ்டாப்புக்கு இரண்டாவது தடவை கூப்பிட்டா புதுசா உருவாக்காம பழைய விடையையே தரும்.

இது வரைக்கும் மூணுக்கும் பச்சை டிக்தான். அப்புறம் தேவையை வேணும்னே மாத்தினோம். லஸ்ல போற பக்கம் ஒரு இடம், வர பக்கம் எதிர்சாரியில் இன்னொரு இடம். அதனால ஒரு ஸ்டாப்ல இருந்து இனிமே ரெண்டு வரி உருவாகணும். எங்க பழைய டேபிளில் 'ஒன்றிலிருந்து பல'ன்னு ஒரு பாராமீட்டர் இருந்தது, மூணுக்கும் டிக். உண்மையும் அதான், மூணும் செய்யும்.

ஆனா ஏடிஎல்லில் ஸ்டாப் ரூலில் இரண்டாவது டார்கெட்டைச் சேர்த்ததும் எல்லா டிரிப்பும் முதல் டார்கெட்டையே பிடிச்சுக்கிச்சு. எர்ரர் கிடையாது, வார்னிங் கிடையாது. திரும்பி வர பஸ்ஸும் போற பக்கத்திலேயே நின்னுச்சு! தானா கண்டுபிடிக்கிற வசதி, ரூலில் முதலா இருக்கிற டார்கெட்டைத்தான் எடுக்கும். இரண்டாவது வேணும்னா ரிசால்வ்டெம்ப்னு ஒரு ஃபங்ஷனில் அதன் பேரைச் சொல்லிக் கேட்கணும். ஈடிஎல்லிலும் ஈக்விவலன்ட் ஒண்ணைத்தான் தரும், எல்லாம் வேணும்னா பன்மையில் ஈக்விவலன்ட்ஸ். க்யூவிடியில் முதல்ல இருந்தே நாங்க கையால கூப்பிட்டதால, எங்கெங்கே மாத்தணும்னு கண்ணுக்குத் தெரிஞ்சது, ஆனா அதிக இடத்தில் மாத்த வேண்டியிருந்தது. ஒரு கருவி முதல் நாள் நம்ம வேலையைக் குறைச்சிட்டு, தேவை மாறின அன்னிக்கு சத்தமில்லாம தப்பு பண்ணும். இன்னொண்ணு முதல் நாளே வேலை வாங்கும். எது நல்லதுன்னா, உங்க தேவை எவ்வளவு தடவை மாறும்ங்கிறதைப் பொறுத்தது. இதை எந்த டிக் மார்க்கில் எழுதுறது?

அடுத்த பிரச்சினை எழுதுற ஆள். எங்க டீமில் ஈடிஎல் எழுதினவன் ஜாவாஸ்கிரிப்டில் புலி. அந்த மொழியும் கொஞ்சம் அதே சாயல். "கற்க எளிது" காலியிடத்தில் ஈடிஎல்லுக்குத்தான் முதலிடம் கொடுத்தோம். அது கருவியோட மார்க்கா, அவனோட மார்க்கா?

வேகத்திலும் இதே கதை. இந்தக் கருவிகளுக்குன்னே டிரான்ஸ்ஃபர்மேஷன் டூல் கான்டெஸ்ட்னு ஒரு போட்டி நடந்துக்கிட்டு வருது. அதில் 2014-ல் கொடுத்த ஒரு கேஸ் நம்ம கோடம்பாக்கத்துக்கு ரொம்பப் பக்கம்: சினிமா தகவல் தளமான ஐஎம்டிபியின் டேட்டாவில், குறைஞ்சது மூணு படத்தில் சேர்ந்து நடிச்ச ஜோடிகளைக் கண்டுபிடிக்கணும். சிவாஜி, பத்மினி மாதிரி. 10,000 நடிகர்கள் இருந்தா, யாரோட யார்னு எல்லா ஜோடியையும் பார்த்தா கிட்டத்தட்ட 5 கோடி ஜோடி. அதையே படம் படமா போய்ப் பார்த்தா, ஒரு படத்தில் 10 பேர்னு வெச்சா 45 ஜோடிதான். 3,000 படத்துக்கு 1,35,000. ஒரு கருவியில் முதல் வழியிலும் இன்னொண்ணில் இரண்டாவது வழியிலும் எழுதி ஓடவிட்டு "இது அதைவிட வேகம்"னு கிராஃப் போட்டா, நாம அளந்தது அல்காரிதத்தை. அதனாலதான் அந்தப் போட்டியில் ஒரே கேஸை எல்லாருக்கும் கொடுத்து, ஒருத்தர் தீர்வை இன்னொருத்தர் திறந்த முறையில் அலசுறாங்க. ஷேர்னு ஒரு ஏற்பாட்டில் தீர்வுகளை விர்ச்சுவல் மெஷினோடவே வெச்சு, யார் வேணும்னாலும் ஓடவிட்டுப் பார்க்கிற மாதிரி பண்ணியிருந்தாங்க. நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஸ்க்ரீன்ஷாட்தான் இருக்கு.

ஒரு வாக்குமூலமும் உண்டு. க்யூவிடி ஸ்டாண்டர்டுக்கு ஓஎம்ஜி 2002-ல் அழைப்பு விட்டது, 1.0 பதிப்பு 2008-ல் வந்தது. முன்மொழிவு கொடுத்தவங்களில் நம்ம டிசிஎஸ்ஸும் இருந்தது. க்யூவிடி ரிலேஷன்ஸ் மொழிக்கு மாடல்மார்ஃப்னு அவங்களே ஒரு கருவியும் செஞ்சாங்க. பிளேஸ்மென்ட் பேரா மட்டும் எனக்குத் தெரிஞ்ச கம்பெனி இது. பெருமையில் அதையும் நாலாவது வரியா சேர்த்து "இருவழி மாற்றம்: டிக்"னு போட்டேன். நான் அதை ஒரு நொடிகூட ஓடவிட்டதில்ல. ஓப்பன் சோர்ஸும் இல்ல. டீமில் ஒருத்தி கேட்டா, "நீ பார்த்தியா?" அந்த வரியை எடுத்துட்டேன். அதுக்கப்புறம் மத்த வரிகளுக்கும் அதே கேள்வியைக் கேட்க ஆரம்பிச்சோம், டேபிள் பாதியா சுருங்கிடுச்சு.

சுருங்கின டேபிளை பேனல் ஏத்துக்குமாங்கிறதுதான் இப்ப எங்க பயம். ஃபைனல் வைவாவுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கு, மார்க் வேணும், யாருக்கும் அரியர் வேண்டாம். ஆனாலும் ரிவ்யூ பண்ற சார், மேடம் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: பத்து பாராமீட்டர் கேட்காதீங்க. ஒரு கேஸ் கேளுங்க, அதை உங்க முன்னாடி ஓடவிடச் சொல்லுங்க, அப்புறம் தேவையில் ஒண்ணை அங்கேயே மாத்துங்க. அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிஞ்சிடும். "மூணுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் தெரியல"ன்னு ஒரு டீம் சொன்னா அதையும் முடிவா எடுத்துக்கோங்க. 2018-ல் ஹெபிக் குழு எக்ஸ்டென்ட், ஏடிஎல், க்யூவிடி மூணையும் வெச்சு முறையான சோதனை நடத்தி, பொது நிரலாக்க மொழியைவிட இந்தத் தனி மொழிகள் மொத்தத்தில் மேல்னு சொல்லப் போதுமான ஆதாரம் கிடைக்கலன்னு எழுதினாங்க. சில குறிப்பிட்ட வேலைகளில் உதவுதுன்னும் சொன்னாங்க. அது பெரிய கான்ஃபரன்ஸில் வந்த பேப்பர். நம்ம ஊரில் இதே முடிவோட வந்தா "கன்க்ளூஷன் வீக்"னு திருப்பி அனுப்பிடுவாங்க.

29சி கேஸ், ரெண்டு தேவை மாற்றம், எதிர்பார்க்கிற விடை எல்லாத்தையும் கிட்ஹப்பில் போட்டிருக்கோம், லிங்க் கிளப் குரூப்பில் இருக்கு. தேர்ட் இயர் மக்களே, வேற கருவியில் எழுதி அனுப்புங்க. போன வாரம் ஒரு ஜூனியர் மெசேஜ் பண்ணான்: "அண்ணா, எந்தக் கருவியும் இல்லாம வெறும் ஜாவாவில் எழுதலாமா?" எங்க டேபிளில் அப்படி ஒரு வரியே இல்லன்னு அப்பத்தான் உறைச்சுது. எழுதி அனுப்புடான்னு சொல்லியிருக்கேன்.