பால்மரத்து நாற்காலி

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் தாமானில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் சோபாக்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். கூலாயில் மட்டுமில்லை, மாசாய், ஸ்கூடாய் எங்கே போனாலும் இதே காட்சிதான். சட்டம் உறுதியாக இருக்கும். ஸ்பிரிங்கூட இறங்கியிருக்காது. துணி மட்டும் வெளுத்து, கை வைக்கும் இடத்தில் பிசுக்கேறியிருக்கும். அதற்காக முழுச் சாமானையும் லோரியில் ஏற்றி அனுப்புவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

இந்த வருஷம் எங்கள் வீட்டுக் குஷன் நாற்காலிகள் இரண்டுக்கும் அந்தக் கதி வர இருந்தது. மூவாரில் செய்தவை. 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. குஷன் கடையில் துணி மாற்றச் சொன்ன விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம். துணிமேலேயே சாயம் அடித்துவிடுகிறேன் என்றேன். அம்மா நம்பவில்லை. "செவுத்துக்குத்தான் சாயம் அடிப்பாங்க. உக்கார்ற துணிக்கு யாராச்சும் அடிப்பாங்களாடி?"

அடிக்கலாம். ஆனால் சுவருக்கு அடிக்கிற சாயத்தை அப்படியே எடுத்து அடிக்கக் கூடாது. அது காய்ந்தால் விறைத்துவிடும், உட்கார்ந்து எழுந்தால் வெடிக்கும். துணிக்கென்று விற்கிற சாயம் வேண்டும். இல்லையென்றால் அக்ரிலிக் சாயத்தோடு, துணியில் வளைந்துகொடுக்க வைக்கும் கலவைத் திரவத்தைச் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் 1990இல் கொண்டுவந்த சுண்ணப் பூச்சுச் சாயத்தையும் தண்ணீர் கலந்து துணிக்கு அடிக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். அடிப்பதற்கு முன் துணியைத் தெளிப்பானால் நன்றாக நனைக்க வேண்டும். ஈர நூலிழை சாயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்த துணியில் சாயம் மேலாக நின்று தோலாகிவிடும். முதல் பூச்சு பால்போல் நீர்த்திருக்கட்டும். தையல் மடிப்பை முதலில் தேய்த்து, பிறகு விரிந்த பாகத்துக்கு வர வேண்டும். காய்ந்ததும் நைசான உப்புத்தாளால் லேசாக வருடி, அடுத்த பூச்சு. மூன்று மெல்லிய பூச்சு செய்கிற வேலையை ஒரு தடித்த பூச்சு செய்யாது. கடைசியில் மெல்லிய துணி விரித்து, மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் சாயம் பிடித்துக்கொள்ளும்.

முதல் நாற்காலியில் நான் அவசரப்பட்டேன். மாலை 4 மணிக்கு அடித்தேன், 5 மணிக்கு இடி இடித்து மழை. அக்டோபர், நவம்பர் பிற்பகல்கள் இங்கே அப்படித்தான். ஒட்டிக்கொண்டே இரண்டு நாள் கிடந்தது. அடுத்த நாற்காலியைக் காலையில் தொடங்கி, ஒரு பூச்சுக்கு ஒரு நாள் விட்டு, பக்கத்திலேயே காற்றாடி போட்டேன். அடர் பச்சை. தொட்டால் கித்தான் துணிபோல் கொஞ்சம் முரடாக இருக்கிறது. ஆனால் விரலில் ஒட்டவில்லை.

எல்லாச் சோபாவும் இதற்கு உதவாது. தோல்போல் இருக்கும் செயற்கை உறை நம் புழுக்கத்தில் சில வருஷத்திலேயே செதில் செதிலாக உரியும். காற்றின் ஈரம் அதன் பாலியூரித்தேன் படலத்தைச் சிதைத்துவிடுவதுதான் காரணம். உரிகிற தோல்மேல் சாயம் அடித்தால் சாயமும் சேர்ந்து உரியும். வெள்ளத் தண்ணீர் குடித்த சோபாவையும் தொடாதீர்கள். 2006 கடைசியில் கோத்தா திங்கியிலும், 2023 மார்ச்சில் யோங் பெங்கிலும் வெள்ளம் வடிந்த பிறகு வாசலெல்லாம் அவைதாம் கிடந்தன. பஞ்சுக்குள் புகுந்த பூசணத்தைச் சாயம் மறைக்கும், கொல்லாது.

வேலைக்காக நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அடியில் பாலிஷ் படாத மரம், வெண்மஞ்சளாக. கட்டை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பால் மரமா இது?" என்றார்.

பால் மரம்தான். குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டிய அதே ரப்பர் மரம். 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்ததும் வெட்டிச் சாய்ப்பார்கள். அந்தக் காலத்தில் அது விறகு. அறுத்துப் போட்டால் மரத்திலிருக்கும் மாவுச்சத்தைத் தேடிப் பூச்சி வரும், நீலப் பூசணம் படரும். யாரும் சாமான் செய்ய எடுக்கமாட்டார்கள். அறுத்த கையோடு போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தினால் தாங்கும் என்பதைக் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகள் காட்டின. 1980களில் அது மேசையாகவும் நாற்காலியாகவும் கப்பலேறத் தொடங்கியது. இன்று நாட்டின் மரச்சாமான் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் மூவார் வட்டாரத்தில் இருந்துதான் போகிறது.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, லயங்கள் இடிந்தன, நம் ஆட்கள் தாமான்களுக்கு வந்தார்கள். இந்த வரலாற்றை நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் அந்த மரம் நம் வரவேற்பறைக்கே வந்து உட்கார்ந்திருப்பதை நான் 20 வருஷமாகக் கவனிக்கவே இல்லை.

"எங்க காலத்துல அடுப்புல வச்ச மரம்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

துணிக்குப் பொருத்தமாகக் கால்களுக்கும் பச்சை அடிக்கலாம் என்று சாயம் மீதி வைத்திருந்தேன். "மரத்துக்கு வேணாம். அது தெரியட்டும்" என்றார். உப்புத்தாளால் பழைய வார்னிஷை மட்டும் எடுத்துவிட்டு, நாலு கால்களுக்கும் மெழுகு தேய்த்தோம். இரண்டு கால் அவர் தேய்த்தது.