அக்சியோவா, கிரேஸா? ஒருவரும் கேட்காத கேள்விகள்

டொயோட்டா அக்சியோவா, ஹொண்டா கிரேஸா? இலங்கையின் நடுத்தர வருமானக் குடும்பங்களில் நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம் இது. திருமண வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அலுவலகச் சிற்றுண்டிச்சாலையிலும் கேட்டிருக்கிறேன். எங்கே தொடங்கினாலும் அது ஒரே கேள்வியில்தான் போய் முடிகிறது: "விற்கப் போனால் எது கூடுதலாக விலைபோகும்?" கார் இன்னும் வாங்கப்படவில்லை; அதற்குள் மனத்தளவில் விற்கப்பட்டுவிட்டது.

தானும் மனைவி பிள்ளைகளும் அமர்ந்து செல்லப்போகும் ஒரு வாகனத்தை, ஐந்தாண்டுகளின் பின்னர் வரப்போகும் முகமறியாத ஒருவரின் விருப்பத்துக்காகத் தெரிவுசெய்யும் இந்தப் பழக்கத்தை விவேகம் என்கிறார்கள். நான் அதனை மூடநம்பிக்கை என்பேன்.

இந்நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இயந்திரத்தின் கொள்ளளவை அளந்து வரி விதித்து, சாதாரண காரையும் ஆடம்பரப் பொருளாக்கிய அரசுகள் நமக்கு வாய்த்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் பழைய கார்கள் கைமாறின. தேய்ந்துபோகும் ஓர் இயந்திரம், பெட்டகத்தில் வைத்த நகையைப் போன்று மதிப்புப் பெற்றது. ஆனால் கதவு மூடியிருந்த காலத்தின் விலையை இயற்கையின் விதியாகக் கொள்வது எப்படி? ஒரு வர்த்தமானி அறிவித்தல் உயர்த்திய மதிப்பை இன்னொரு வர்த்தமானி அறிவித்தல் இறக்கிவிடும்.

இனி, இரு கார்களையும் பார்ப்போம். நம்மவர் கையில் அதிகம் உள்ள ஹைபிரிட் வகைகளையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டினதும் அகலம் 1695 மில்லிமீற்றர். முன் பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2600 மில்லிமீற்றர். இயந்திரக் கொள்ளளவு 1496 கன சென்ரிமீற்றர். இது தற்செயல் அன்று. 1.7 மீற்றர் அகலத்துக்கும் 2000 கன சென்ரிமீற்றருக்கும் உட்பட்டதையே ஜப்பானியச் சட்டம் சிறிய கார் என்கிறது. அங்கு ஆண்டு வரியின் ஒரு படி 1500 கன சென்ரிமீற்றரில் முடிகிறது. ஒரே சட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த இரு சட்டைகள் இவை.

எரிபொருட் சிக்கனத்திலும் பெரிய பேதம் இல்லை. ஜப்பானின் அக்கால ஆய்வுகூடச் சோதனையில், 2013இல் வெளிவந்த அக்சியோ ஹைபிரிட் லீற்றருக்கு 33.0 கிலோமீற்றர் ஓடியது. 2014 டிசம்பரில் வெளிவந்த கிரேஸ், அதன் அடிப்படை வகையில் 34.4 கிலோமீற்றர் ஓடியது. ஆயிரம் கிலோமீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் ஒன்றேகால் லீற்றரை எட்டாது. காலி வீதியின் மாலை நெரிசலில் இரண்டுமே அந்த எண்களின் அருகில் வரமாட்டா. 2022 ஜூலையில் வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோலுக்காக வரிசையில் நின்ற சமூகம் சிக்கனத்தைப் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. ஆனால் அந்தக் கவலை இந்த இரண்டுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லாது.

உண்மையான வேறுபாடு கியர்ப்பெட்டியில் இருக்கிறது. அக்சியோவில் கிளச் இல்லை. 1997இல் பிரியஸுடன் வந்த கோள்வகைப் பற்சக்கர முறையின் வழித்தோன்றல் அது. கிரேஸிலோ உலர் வகை இரட்டைக் கிளச்சுடன் கூடிய ஏழு கியர் பெட்டி. நெடுஞ்சாலையில் அது உற்சாகமாக ஓடும். ஏற்றத்தில், நெரிசலில், அங்குலம் அங்குலமாக ஊர்கையில் கிளச் சூடேறும். இதே தொழில்நுட்பத்துடன் 2013 செப்டெம்பரில் ஜப்பானில் வெளியான ஃபிட் ஹைபிரிட், ஓராண்டுக்குச் சற்றுக் கூடிய காலத்துள் ஐந்து தடவை திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது. 2020இல் வந்த புதிய ஃபிட்டில் ஹொண்டா இம்முறையைக் கைவிட்டு இரு மோட்டார் முறைக்கு மாறியது. பற்றரியும் வேறு: அக்சியோவில் பின்னிருக்கையின் கீழே நிக்கல் வகை, கிரேஸில் லித்தியம் வகை. பற்றரிக்குக் குளிர்காற்றுப் போகும் வழியில் தூசி அடைத்துக்கொண்டால் எந்தப் பெயர்ப்பலகையும் அதைக் காப்பாற்றாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "நான் எங்கே ஓட்டப்போகிறேன்?" என்பதே. நாள்தோறும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஊர்பவருக்கு அக்சியோ பொருத்தம். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமாக ஏ-9 வீதியில் அடிக்கடி போய்வருபவருக்கு, பராமரிப்புப் பதிவுகள் முழுமையாக உள்ள கிரேஸ் எவ்வகையிலும் குறைந்ததன்று.

"என்றாலும் டொயோட்டா என்றால் காசு" என்பார்கள். அந்தக் காசையும் எண்ணிப் பார்ப்போம். ஒப்பான நிலையிலுள்ள அக்சியோவுக்குப் பத்து இலட்சம் ரூபா கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதனையும் லீசிங்கில் சேர்த்து, ஆண்டுக்கு 14 வீத வட்டியில் ஐந்தாண்டுகளுக்குச் சம தவணைகளாகச் செலுத்தினால், அந்தப் பத்து இலட்சத்துக்கு வட்டி மட்டும் ஏறக்குறைய நான்கு இலட்சம். எனவே ஐந்தாண்டு கழித்து விற்கும்போது, இரு கார்களுக்கும் இடையிலான விலை வித்தியாசம் பதினான்கு இலட்சமாக விரிந்திருந்தால்தான் நீங்கள் போட்டதை எடுக்கிறீர்கள். இரண்டும் பழையனவாகும்போது இடைவெளி விரியுமா, சுருங்குமா? கிரேஸின் உற்பத்தி 2020இலும் அக்சியோவின் உற்பத்தி 2025 ஒக்டோபரிலும் முடிவுக்கு வந்துவிட்டன. இரண்டும் முதுமையை நோக்கியே செல்கின்றன.

இதைவிடக் கொடியது வேறொன்று. ஒரே பணத்துக்குச் சற்றுப் பழைய அக்சியோவும் சற்றுப் புதிய கிரேஸும் கிடைக்கும்போது, பெயருக்காகப் பழையதையே தேடுகிறோம். முன்னால் ஆபத்து வரும்போது எச்சரித்துத் தானே பிரேக் பிடிக்கும் பாதுகாப்புத் தொகுதி அக்சியோவுக்கு 2015இல் வந்தது. அதுவும் எல்லா வகைகளுக்கும் அல்ல. கிரேஸுக்கு ஹொண்டா சென்சிங் 2017இல் வந்தது. எத்தனை பேர் முன்கண்ணாடியின் மேற்பகுதியில் கமரா இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்கிறார்கள்? பக்கவாட்டுக் காற்றுப்பைகள் உண்டா என்று கேட்பவர் எத்தனை பேர்? சக்கரத்தின் அலோய் மினுங்குகிறதா என்று குனிந்து பார்ப்பவர்களே அதிகம்.

இதில் புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தமக்குக் கார் வாங்கும்போது மோதற் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று தேடிப் பார்ப்பவர்கள், ஊரிலுள்ள தம்பிக்குப் பணம் அனுப்பும்போது "மார்க்கெட் உள்ளதாய்ப் பார்த்து எடு" என்கிறார்கள். தம்பியின் பிள்ளைகளின் எலும்பு மட்டும் இரும்பினால் ஆனதா?

வியாபாரிகளுக்கு இந்த மனப்போக்கு பெருவாய்ப்பு. 'ரீகண்டிஷன்' என்ற சொல்லையே பாருங்கள். ஜப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்த காருக்கு இங்கே சூட்டப்படும் பெயர் அது. கழுவித் துடைத்துப் பூச்சு ஏற்றியதைத் தவிர அங்கே என்ன மீளச் சீரமைக்கப்பட்டது? ஜப்பானிய ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் அதன் தரம், ஓடிய தூரம், அடிபட்ட இடங்கள் ஆகியவற்றைக் குறித்த ஏலப் பத்திரம் உண்டு. மூலப் பத்திரத்தைக் காட்டத் தயங்குபவரிடம், அவர் விற்பது எந்தப் பெயர் கொண்ட காராயினும் வாங்காதீர்கள். மீற்றர் குறைக்கப்பட்ட அக்சியோவைவிட நேர்மையான கிரேஸ் மேல். கிளச் தேய்ந்த கிரேஸைவிட நேர்மையான அக்சியோ மேல்.

அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சுங்கத்தில் வரியைக் கறாராக அறவிடும் அதே கை, ஏலப் பத்திரத்தின் தரத்தையும் ஓடிய தூரத்தையும் ஒவ்வொரு காரின் பதிவு ஏட்டிலும் எழுதட்டும். காரின் விலையை விஞ்சுமளவுக்கு வரி கட்டும் குடிமகனுக்குத் தான் வாங்குவது என்னவென்று அறியும் உரிமையாவது வேண்டாமா?

அதுவரை நாம் செய்யக்கூடியது நம் கையில் இருக்கிறது. விற்பனை நிலையத்துக்குப் போகுமுன் ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதுங்கள்: எங்கே ஓட்டுவேன்? பற்றரியும் கியர்ப்பெட்டியும் கணினியில் பரிசோதிக்கப்பட்டனவா? மோதினால் எனது குடும்பத்தைக் காப்பது எது? மூல ஏலப் பத்திரம் எங்கே? விற்கும் விலை ஐந்தாவதாக வரட்டும்.