ரெட்டை எழுத்துக் காசும் அடிபட்ட காசும்

எங்க ஊர்ல இப்ப பழைய சில்லறை கடைக்குப் போறதே குறைஞ்சு போச்சுங்க. எழுத்து ரெட்டையா விழுந்த காசுக்கு லட்ச ரூபான்னு போன்ல வீடியோ சுத்துது. ஆளுக்கொரு காசைக் கொண்டாந்து, "ஏனுங்ண்ணா, இது ரெட்டைதானுங்களே?"ன்னு நீட்டறாங்க. பாத்தா முக்காவாசி அடிபட்ட காசு. லட்சம் வருமா வராதாங்கறது அப்புறம். ரெட்டை அச்சுன்னா என்னன்னு தெரியாம யாருக்கும் பத்து பைசா அனுப்பக் கூடாதுங்கறதுதான் என் கட்சி.

டவுன்ல இருக்கறவங்களுக்கு வெல்லத்தை வெச்சே சொல்றேன். அச்சு வெல்லம் போடற பலகைக் குழியிலயே கோடு ரெண்டா வெட்டியிருந்தா, அதுல எடுக்கற அத்தனை வெல்லத்துலயும் ரெண்டு கோடு இருக்கும். பலகை நல்லா இருந்து, எடுக்கறப்ப கை ஆடிப்போச்சுன்னா அந்த ஒண்ணு மட்டும் இழுபடும். சித்தோடு சந்தைக்கு வண்டியில போறப்ப நசுங்குறது மூணாவது ரகம்.

காசும் இப்படித்தான். காசடிக்கற அச்சையே முதல்ல ஒரு தாய் அச்சுல இருந்து அழுத்தித்தான் எடுப்பாங்க. ஒரு அழுத்துல உருவம் சரியா பதியலைன்னு மறுபடி அழுத்தறப்ப இம்மி திரும்பிட்டா, எழுத்து அச்சுலயே ரெட்டையாயிடும். அமெரிக்காவோட 1955 ஒரு சென்ட் காசு இதுல பேர் போனது. கண்ணாடி இல்லாமயே ரெண்டு எழுத்தும் தெரியும்.

நகைக்கடைக்காரங்க வெச்சிருக்கற பத்து மடங்கு லென்ஸ்ல பாருங்க. நிஜ ரெட்டையில ரெண்டு உருவமும் உருண்டு எழும்பி நிக்கும், எழுத்து தடிச்சிருக்கும், எழுத்தோட மூலை பிளந்தாப்ல தெரியும். அடிக்கறப்ப மெஷின் ஆடுன காசுல ரெண்டாவது எழுத்து படிக்கட்டு மாதிரி தட்டையா, தாழ கிடக்கும், எழுத்து மெலிஞ்சுரும். அதுக்குப் பெருசா விலையில்ல. அடிபட்டதுன்னா உலோகம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், கீறல் ஓடும், திருப்பிப் பாத்தா அதே இடத்துல பின்னாடியும் பல சமயம் சப்பையா இருக்கும். ரோட்டுல கிடந்து லாரி ஏறுன காசுக்கெல்லாம் ஜோசியம் பாக்க வேண்டாம்.

இன்னொண்ணு. வருஷத்துக்குக் கீழ குறி பாருங்க. வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லைன்னா கொல்கத்தா. அதே வருஷம், அதே குறியில, அதே இடத்துல, அதே அளவு ரெட்டை இன்னொரு காசுலயும் இருந்தாத்தான் அச்சுக் கோளாறுன்னு தைரியமா சொல்லலாம்.

எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் இதெல்லாம் பாக்கல. காசை வாங்கிக்கறேன்னு போன்ல பேசுனவன் 'வரி'ன்னு முதல்ல 1,200 கேட்டான், கட்டிட்டார். அப்புறம் 'கமிஷன்' 4,000. கண்ணபுரம் சந்தையில மாடு வாங்க வந்தவன், விக்கறவர்கிட்ட முன்பணம் கேட்டா விட்டுருவாங்களா? ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி இப்படி வசூல் நடக்குதுன்னு அந்த வங்கியே 2021 ஆகஸ்ட்ல எச்சரிச்சுது. பழைய காசு, நோட்டு வியாபாரத்துல தங்களுக்குச் சம்பந்தமில்ல, கமிஷன் எதுவும் கேக்கறதில்லைன்னும் சொல்லிருச்சு. அதைத்தான் அவருக்குப் படிச்சுக் காட்டுனேன். 4,000 தப்பிச்சுது. 1,200 போனது போனதுதான். அவருக்கு இன்னும் வாரம் ரெண்டு தரம் போன் வருது.