உள்ளீடற்ற கண்ணாடியும் உள்ளீடற்ற விளம்பரமும்

உள்ளீடற்ற பேச்சென்றும் உள்ளீடற்ற மனிதரென்றும் நாம் இகழ்ந்துரைப்பது வழக்கம். ஆயினும், உள்ளீடின்மையையே தன் சிறப்பாகக் கொண்டு கைத்தொழில் உலகில் மதிப்புப் பெற்ற பொருளொன்று உண்டு. அதுவே கண்ணாடிக் குமிழி. பார்வைக்கு வெண்மாவாகத் தோன்றும் இதன் துகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய தலைமயிரின் தடிப்பளவு விட்டமுடைய பொள்ளான கோளமாகும்; அதன் சுவரோ மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவினது. மிக இலேசான வகையின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் எட்டிலொன்றே.

இதனை ஆக்கும் முறை அறிந்து இன்புறத்தக்கது. கந்தகச் சேர்வை கலந்த கண்ணாடியை நுண்பொடியாக்கிச் சுவாலையினூடே செலுத்துவர். இளகிய துணிக்கையினுள் வாயு பிறந்து அதனை உள்ளிருந்து ஊதுகின்றது. பரப்பிழுவிசை அதனைக் கோளமாக்குகின்றது. சுவாலையை விட்டு நீங்கியதும் அது கணப்பொழுதில் இறுகிவிடுகின்றது. ஊதுவார் இன்றித் தாமே ஊதிக்கொள்ளும் குமிழிகள் இவை!

ஆயின், இலேசும் வலிமையும் ஒருங்கே கிட்டுவதில்லை. மிக இலேசான குமிழி ஏறக்குறைய 17 வளிமண்டல அமுக்கத்தையே தாங்கும். சுவர் தடித்து, அடர்த்தி 0.6 ஆக உயர்ந்த வகையோ 1,800க்கும் மேற்பட்ட வளிமண்டல அமுக்கத்தைத் தாங்கவல்லது. இத்தேர்விலேதான் பொறியியலாளரின் விவேகம் புலப்படுகின்றது.

ஆழ்கடலை எடுத்துக்கொள்வோம். 1960ஆம் ஆண்டு சனவரி 23ஆந் தேதி பிக்காட்டும் வால்சும் மரியானா அகழியின் அடித்தளத்தை அடைந்தபோது, அவர்களது திரியெஸ்தே என்னும் கலத்தைக் கடலின் மேற்பரப்புக்கு மீட்டுவர உதவியது ஏறக்குறைய 85,000 இலீற்றர் பெற்றோலின் மேலுதைப்பே. பெற்றோலோ அமுக்கத்தாற் சுருங்குவது. மேலும், எரிபற்றும் இயல்பினது. 2012ஆம் ஆண்டு ஜேம்ஸ் கமரன் அதே அகழியுள் தனியே இறங்கிய கலத்திற் பெற்றோல் இருக்கவில்லை. பிசினிற் கண்ணாடிக் குமிழிகளைச் செறித்து வார்த்த திண்ம நுரையே அக்கலத்தின் கனவளவில் 70 சதவீதமளவாய் அமைந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளிமண்டல அமுக்கத்தின் கீழ் அந்நுரையே கலத்தின் உடலாகவும் மிதவையாகவும் நின்றது.

வெப்பத்தைத் தடுப்பதிலும் இதன் தொண்டு சிறிதன்று. திரவ ஐதரசன் பூச்சியத்துக்குக் கீழ் 253 பாகை செல்சியசிற் கொதிப்பது. அதனைச் சேமிக்கும் ஈரடுக்குக் கலங்களின் இடைவெளியை வெற்றிடமாக்கிப் பேளைற்று என்னும் எரிமலைக் கல்லின் பொரியை இட்டு வந்தனர். அதற்குப் பதிலாகக் கண்ணாடிக் குமிழியை இட்டு அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் சோதித்தபோது, ஆவியாகி வீணாகும் ஐதரசன் 40 சதவீதத்திற்கு மேற் குறைந்தது. மோட்டார் வாகனப் பிளாத்திக்கிலும், எண்ணெய்க் கிணற்றுச் சீமெந்திலும், கற்சுரங்க வெடிமருந்திலுங்கூட இக்குமிழி சேர்க்கப்படுகின்றது. வெடிமருந்தில் இது நொறுங்குவதே பயன் என்பது வேடிக்கை.

இத்துணைப் புகழும் நியாயமானதே. ஆனால், இப்புகழைக் கடன்வாங்கி வீட்டுச் சுவர்ப்பூச்சு விற்பவர்களைப் பற்றி ஒரு சொல் கூறாதிருக்க எம்மால் இயலவில்லை. விண்வெளி விஞ்ஞானத்தின் குமிழி கலந்ததென்றும், ஒருமுறை பூசினால் வெப்பம் புகாதென்றும் விளம்பரம் செய்கின்றனர். ஐதரசன் கலத்திலே குமிழிகள் தடித்த படையாக, வெற்றிடத்துள் கிடக்கின்றன. சுவரிற் பூசப்படும் படையோ அரை மில்லிமீற்றர். வெப்பத்தடை தடிப்போடு கூடுவது என்பதைப் பௌதிகம் பயின்ற மாணாக்கன் எவனும் அறிவான். அவ்வரை மில்லிமீற்றர் முழுவதும் அசையாத காற்றே என்று வைத்துக்கொண்டாலும், அதன் தடை ஒரு மில்லிமீற்றர் கண்ணாடிப் பஞ்சுக்கும் ஈடாகாது. பூச்சிற் பிசினும் நிறப்பொடியும் கலந்திருப்பதால் உண்மைத் தடை இன்னும் குறைவு.

கூரையில் இட்ட வெண்பூச்சினால் வீடு குளிர்வதில்லையா எனின், குளிரும். அது வெண்மை ஞாயிற்றொளியைத் தெறிக்கச் செய்வதன் விளைவு. வெறுஞ் சுண்ணாம்பும் அதனைச் செய்யும். அதற்கு விண்வெளி விலை இல்லை.

இத்தகைய மிகையுரை எம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தம் பூச்சுக்களின் வெப்பத்தடை எண்ணைப் பெருக்கிக் கூறினர் என 2020ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு நான்கு கம்பனிகள்மீது வழக்குத் தொடர்ந்தது. இங்கோ விளம்பரத்தை நம்பி வாங்குபவர் பெரும்பாலும் ஒரே ஒரு வீட்டை வாழ்நாட் சேமிப்பாற் கட்டுபவர்; ஏமாற்றத்தை அவர் தனியே சுமக்கின்றார்.

எம் பழைய மாணவருட் கட்டிடப் பொறியியலாளரும், ஒப்பந்தகாரரும், வணிகரும் பலர் உளர். எத்துணைத் தடிப்பிற் பூசி, எம்முறையால் அளந்தீர்கள் என்று கேட்பது அவர்கள் கடன். தடிப்பும் கடத்துதிறனும் தகரத்தின்மீது அச்சிடப்படாத பூச்சினை, எந்தப் பாடசாலைக் கட்டிடக் குழுவும் சாதாரண வெண்பூச்சின் விலைக்கு மேல் ஒரு சதமேனும் கொடுத்து வாங்கலாகாது என்பதே எமது கருத்து.