பிள்ளைகளின் புத்தகத்தில் யாருக்குப் பெயர் இருக்கிறது?



கடந்த ஞாயிறு திருப்பலிக்குப் பின், மறைக்கல்வி நூலகத்திலிருந்து தம் மகள் எடுத்துச் சென்ற படப்புத்தகம் ஒன்றைத் தாயொருவர் என்னிடம் திருப்பித் தந்தார். "நாங்கள் பட்டது போதும், பாதர். பிள்ளைகளுக்கும் ஏன் இந்தத் துயரக் கதை?" என்று கேட்டார். அவருடைய கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் அப்புத்தகத்தை அகற்ற நான் உடன்படவில்லை. அதற்கான காரணத்தை உங்கள் அனைவருக்கும் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

ஆன் கிரிஃபால்கோனி எழுதி, கதீர் நெல்சன் ஓவியம் தீட்டிய அந்நூல் 2002இல் வெளியானது. 'மறைந்துபோன கிராமம்' என்பது அதன் தலைப்பின் பொருள். ஆப்பிரிக்காவில் யாவோ மக்களின் சிற்றூர் ஒன்றை நோக்கி அடிமை வணிகர் வருகின்றனர். மக்கள் தம் குடிசைகளைத் தாமே பிரித்து, ஊர் இருந்த சுவடே தெரியாதபடி செய்து, காட்டினுள் மறைகின்றனர். அபிகனிலே என்னும் சிறுமி ஆற்றைக் கடக்க வழி காண்கிறாள். அச்சம் இதில் உண்டு. ஆனால் இது, ஒன்றுகூடிச் சிந்தித்துத் தம்மைக் காத்துக்கொண்ட மக்களின் கதை.

அதை வாசித்தபோது என் மனச்சான்று என்னை உறுத்தியது. அடிமை வணிகம் பற்றிப் பல ஆண்டுகளாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தது ஒரே கதைதான். கார்த்தஹேனா துறைமுகத்தில், அடிமைக் கப்பல்களுக்குள் இறங்கிப் பணியாற்றிய புனித பீட்டர் கிளேவரின் கதை அது. அவர் மெய்யாகவே புனிதர். ஆனால் நான் சொன்ன கதையில் ஓர் ஆப்பிரிக்கருக்குக்கூடப் பெயர் இருந்ததில்லை. கிளேவருக்கு மொழிபெயர்த்தவர்கள் ஆப்பிரிக்கர்களே. அங்கோலாவில் பிறந்த அந்திரேஸ் சகபூச்சே அவர்களுள் ஒருவர். அவர்கள் இயேசு சபைக் கல்லூரிக்கு உடைமையான அடிமைகள் என்பதையும் நான் சொன்னதில்லை.

காங்கோவின் கத்தோலிக்க மன்னர் முதலாம் அஃபோன்சோ, தம் மக்களை வணிகர் பிடித்துச் செல்வதை எதிர்த்துப் போர்த்துக்கல் மன்னருக்கு 1526இல் மடல் எழுதினார். ஆப்பிரிக்க வழிவந்த கத்தோலிக்கரான லொரென்சோ தா சில்வா தெ மென்தோன்சா, 1684இல் உரோமையில் அடிமைமுறைக்கு எதிராக முறையிட்டார். இவர்களும் நம் திருச்சபையின் மக்களே. நம் பிள்ளைகள் இவர்களை அறிவதில்லை.

உண்மையை முழுமையாகவே சொல்வோம். யாவோ தலைவர்களுள் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமே அடிமை வணிகம் செய்தனர். திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ், பிற சமயத்தாரை நிரந்தர அடிமைகளாக்கும் உரிமையை 1452இல் போர்த்துக்கல் மன்னருக்கு வழங்கினார். அடிமைகள் ஏற்றிச் செல்லப்பட்ட கோரே தீவில் நின்று, 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மன்னிப்பு வேண்டினார். இவை வளர்ந்த பிள்ளைகளுக்குரிய பாடங்கள். சிறியோருக்கு அபிகனிலேயின் ஆறு போதும்.

இதே ஆலயத்தில் நமக்கு முன் திருப்பலி ஒப்புக்கொடுப்பவர்கள் காங்கோ சமூகத்தினர். அவர்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் பயில்கின்றனர். சங்கிலியிட்ட மனிதரின் படத்தை மட்டுமே கண்ட பிள்ளை, தன் தோழனை இரக்கத்தோடு பார்க்கும். அந்த இரக்கத்தில் தன்னை உயர்வாக எண்ணும் குணமும் கலந்துவிடும். அவன் முன்னோர் எதிர்த்து நின்றதையும் அறிந்த பிள்ளையே அவனைச் சமமாக மதிக்கும்.

ஆகவே பெற்றோரே, இத்தகைய நூலைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு விலகிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து வாசியுங்கள். இக்கதையில் யாருக்குப் பெயர் இருக்கிறது, முடிவெடுப்பவர் யார், காப்பாற்றுபவர் எப்போதும் வெளியிலிருந்துதான் வருகிறாரா என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஆப்பிரிக்கர் வெறுமனே காத்திருக்கும் கதையாயின், இன்னொரு நூலையும் சேர்த்து வாசியுங்கள்.

அந்தத் தாய் திருப்பித் தந்த புத்தகம் மீண்டும் அலுமாரியில் இருக்கிறது. வரும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அதை நானே வாசிப்பேன். அவரையும் அழைத்திருக்கிறேன். நீங்களும் வாருங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை