முதலில் டிரேஸைத் திறங்கள்

பெப்டைடு வேதியியலுக்கு 1970-இல் இரண்டு கருவிகள் கிடைத்தன. ஃபிராங்க்ஃபர்ட்டின் ஹோக்ஸ்ட் நிறுவனத்தில் வொல்ஃப்காங் கோனிக், ரோல்ஃப் கைகர் இருவரும் டிசிசியுடன் ஹோபிடி சேர்த்தால் ரசெமைசேஷன் குறைவதைக் காட்டினார்கள். அதே ஆண்டு கைசரும் சகாக்களும் நின்ஹைட்ரின் சோதனையை வெளியிட்டார்கள்: நாலு மணி ரெசினை எடுத்துச் சூடாக்கினால், நீலம் ஏறும் இடத்தில் அமீன் மிச்சமிருக்கிறது. முன்னது மருந்து, பின்னது நாடி பார்ப்பது. மருந்துப் பெட்டி அன்றிலிருந்து பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது: ஹெச்பிடியூ, பைபாப், ஹாட்டு, கோமு, ஆக்சிமா. நாடி பார்ப்பதோ, தானியங்கி சின்தசைசர் வந்ததும் பல ஆய்வகங்களில் நின்றேபோனது.

நமக்கு வரும் கட்டுரைகளில் ஒரு வரி அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது: ‘கடினமான இடங்களில் இருமுறை கப்ளிங் செய்யப்பட்டது.’ எந்த இடங்கள்? கடினம் என்று எப்படித் தெரிந்தது? முப்பது கப்ளிங்கில் ஒவ்வொன்றும் 99 சதவீதம் என்றால் முழுச் சங்கிலி 74 சதவீதம் மிஞ்சும். 98 என்றால் 55-க்கு இறங்கிவிடும். அந்த ஒரு சதவீதம் எங்கே போகிறது என்று பார்க்காமல், வரிசை முழுவதையும் இரட்டிப்பது ரியேஜென்ட் செலவுதான்.

கப்ளிங் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இணைய வேண்டிய இடமே நெருக்கடியானது என்பது ஒன்று: ஏஐபி மேல் ஏஐபி, என்-மெதில் அமினோ அமிலத்தின் மேல் வேலின். இங்கே ஹாட்டு உதவும், வெப்பமும் உதவும். ஆர்ஜினினையும் இதோடு சேர்க்கலாம். கிளர்வூட்டிய ஆர்ஜினின் தானே லாக்டமாகச் சுருண்டு செத்துவிடுவதால், புதிதாகக் கலந்து இரண்டாம் முறை ஊற்றுவதில் நியாயம் உண்டு.

மற்றது சங்கிலியின் குற்றம். அலனின், வேலின், ஐசோலூசின் வரிசையாக வந்தால், ஐந்தாறு அமினோ அமிலம் தாண்டியதும் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று பீட்டா தகடாகப் படிந்து, ரெசின் சுருங்கிவிடுகிறது. அமீன் இருந்தும் எட்டாது. எவ்வளவு வீரியமான ரியேஜென்ட் ஊற்றினாலும் எட்டாது. ஹாட்டு மிகுந்தால் அமீனையே குவானிடின் ஆக்கி நிறமாலையில் +98 என்று நிற்கும். இந்த நோய் முன்கூட்டியே தெரியும். கப்ளிங் தவறுவதற்கு முன்பே ஃப்மாக் நீக்கம் மெதுவாகிறது. 301 நானோமீட்டர் யுவி டிரேஸில் சிகரம் தாழ்ந்து அகலும். கருவி அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறது, கோப்பைத் திறக்கத்தான் ஆளில்லை.

சங்கிலி நோய்க்கான வைத்தியத்தில் ஜெர்மனியின் பங்கு பெரிது. டூபிங்கனில் எர்ன்ஸ்ட் பேயரும் வொல்ஃப்காங் ராப்பும் பாலிஸ்டைரீன்மேல் பாலிஎதிலீன் கிளைக்கால் ஒட்டி டென்டாஜெல் செய்தார்கள். கிராமுக்கு 0.2 முதல் 0.3 மில்லிமோல் என்ற குறைந்த லோடிங்கில் சங்கிலிகள் தள்ளித் தள்ளி நிற்கும். பேயரோடு வேலை செய்த மான்ஃப்ரெட் முட்டர், பின்னர் லோசானில் சூடோபுரோலினைக் கொண்டுவந்தார்: செரினோ திரியோனினோ வரும் இடத்தில் தற்காலிகமாக ஒரு வளைவு, அதன்பின் தகடு படிவதில்லை. பெர்லினில் பெயர்மானும் பீனெர்ட்டும் 1992-இல் கடினமான வரிசைகளை ஃப்மாக், பாக் இரண்டிலும் செய்து ஒப்பிட்டார்கள். பாக் முறையில் ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎஃப்ஏ படிந்ததைக் குலைத்துவிடும். ஃப்மாக்கில் அந்த வாய்ப்பில்லை. ‘கடினம்’ வரிசைக்கு மட்டுமே உரிய குணம் இல்லை என்பது என் எண்ணம்.

இப்போது இதைப் பேச இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 12 முதல் டிஎம்எஃப் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது. சுவாசத்துக்கான வரம்பு கனமீட்டருக்கு 6 மில்லிகிராம். பலர் பியூட்டைல்பைரோலிடோன் கலவைகளுக்கு நகர்கிறார்கள். அதன் பாகுத்தன்மை அதிகம், ரெசின் உப்புவதும் வேறு. டிஎம்எஃப்பில் பழகிய ‘எளிய’ வரிசை அங்கே முரண்டு பிடிக்கலாம்.

ஆகவே வரும் இதழ் முதல் ஃப்மாக் நீக்க டிரேஸ் துணைக்கோப்பில் இருக்க வேண்டும். யுவி இல்லாத கருவி என்றால், எந்தச் சுழற்சிகளில் மணி எடுத்துப் பார்த்தீர்கள் என்று எழுதினால் போதும். புரோலின் முனையில் நின்ஹைட்ரின் நீலம் தராது. அங்கே குளோரனில் வைத்துப் பாருங்கள்.